நியாண்டர்தால் மனிதரைப் பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

நியாண்டர்தால் என்பது அழிந்துபோன ஒரு பழங்கால மனித இனம். அந்தப் பெயரைக் கேட்டதும் கூன் விழுந்து, முழங்கால் மடங்கி, கையில் தடியோடு நிற்கும் ஓர் உருவம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 1908இல் பிரான்சின் லா ஷப்பேல்-ஓ-சான் குகையில் ஏறக்குறைய முழு எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதை ஆராய்ந்த மார்செலின் பூல், இவர்களால் சரியாக நிமிர்ந்து நடக்கவே முடியாது என்று எழுதிவிட்டார். 1957இல் வேறு இருவர் அந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்து வெளியிட்டதைப் பார்த்தால், அந்த எலும்புக்கூட்டுக்கு உரியவர் பற்கள் பெரும்பாலும் கொட்டிப்போய், முதுகெலும்பெல்லாம் மூட்டுவாதம் பிடித்த மனிதர். பூலுக்கு முன்முடிவும் இருந்தது. ஓர் இனத்துக்கே கூன் போட்டாகிவிட்டது.

இப்போது சிலர் நேர் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். இராக்கின் ஷானிதார் குகையில் ஓர் உடலைச் சுற்றியிருந்த மண்ணில் மகரந்தம் கிடைத்ததும், 'பூத்தூவி அடக்கம் செய்தார்கள்' என்ற செய்தி பரவியது. வளை தோண்டும் எலிகளோ, மண்ணில் கூடு கட்டும் தேனீக்களோ அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்ற மறுப்பு அவ்வளவாகப் பரவவில்லை. அவர்களுடைய பரிவைச் சொல்லப் பூவெல்லாம் தேவையே இல்லை. அதே குகையில் கிடைத்த இன்னொருவருக்கு வலது முன்கை இல்லை, முகத்தில் பலத்த அடி, ஒரு கண்ணில் பார்வை போயிருக்கலாம். காயங்கள் ஆறி, நாற்பது வயதைத் தாண்டியும் வாழ்ந்திருக்கிறார். பக்கத்தில் ஆள் இல்லாமல் அது நடக்குமா?

'வெறும் மாமிசம்தான் தின்றார்கள்' என்பதும் பழைய பேச்சு. ஷானிதார் பற்களில் படிந்த காரையிலேயே வெந்த தாவர மாவுச்சத்து ஒட்டியிருக்கிறது.

அப்புறம், குரங்குக்கும் நமக்கும் நடுவில் ஒரு படிக்கட்டாக இவர்களை வரையாதீர்கள். பங்காளிகள் என்பதே சரி, நம் முன்னோரோடு கலப்பும் நடந்திருக்கிறது. 2010இல் மரபணு ஆய்வாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு வெளியிட்ட நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் வரைவு அதைக் காட்டியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் மரபணுவில் சுமார் 2 சதவீதம் நியாண்டர்தாலுடையது. ஆனால் எல்லோரிடமும் அதே மரபணுத் துண்டுகள் இல்லை. கோவிட் தீவிரமாகும் அபாயத்தைக் கூட்டும் ஒரு துண்டு, மூன்றாம் குரோமோசோமில், தெற்காசியர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இருக்கிறது. ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம்தான். இதை வைத்து 'கெட்ட மரபணு' என்று தலைப்புப் போட்டவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். 2021இல், 12ஆம் குரோமோசோமில் அந்த அபாயத்தைக் குறைக்கும் துண்டும் அகப்பட்டது. அதுவும் நியாண்டர்தாலிடமிருந்து வந்ததுதான்.