சின்ன ரீஃப் தொட்டிக்கு டோசிங் பம்ப் பொருத்துவது

ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்கு, கரைசலை அளவாகச் சொட்டவிடும் டோசிங் பம்ப் வாங்கியாச்சு என்றால் உடனே ட்யூபை மாட்டிவிடாதீர்கள். பம்பை மாட்டுவது கடைசி வேலை. உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு அல்கலினிட்டியையும் (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு) கால்சியத்தையும் இழுக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும், அது தெரியாமல் ஓடும் பம்ப் சின்னத் தொட்டிக்கு ஆபத்துதான். மென்பவளங்கள் மட்டும் நாலைந்து வைத்திருப்பவர்களுக்கு வாராவாரம் தண்ணீர் மாற்றுவதே போதும், பம்பே வேண்டாம். கல்லாக எலும்புக்கூடு கட்டும் பவளங்களும், பாறையில் ஊதா நிறத்தில் படரும் கோரலைன் பாசியும்தான் அல்கலினிட்டியையும் கால்சியத்தையும் தின்று தீர்ப்பவை.

உப்புத்தன்மையை 35 பிபிடியில் (ஆயிரத்தில் இத்தனை பங்கு) நிறுத்துங்கள். அது ஆடிக்கொண்டிருந்தால் மற்ற அளவுகளும் கூடவே ஆடும். மக்னீசியம் 1300 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) பக்கம் இருக்கட்டும், அது ரொம்பக் குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலேயே சேர்ந்து படிந்துவிடும், எவ்வளவு ஊற்றினாலும் அளவு ஏறாது. அல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம்: இந்த இடத்துக்குக் கையால் மெதுவாகக் கொண்டுவாருங்கள். இருக்கும் அளவைத் தக்கவைக்கத்தான் பம்ப், ஏற்றுவதற்கு அல்ல.

இப்போது மூன்று நாள் எதையும் ஊற்றாமல், தண்ணீரும் மாற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் அல்கலினிட்டியை மட்டும் டெஸ்ட் செய்யுங்கள். 8.5-ல் ஆரம்பித்து மூன்று நாள் கழித்து 7-க்கு வந்தால் நாளுக்கு 0.5 டிகேஎச் செலவு. கால்சியத்தை இப்படிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. 1 டிகேஎச்சுக்குச் சுமார் 7 பிபிஎம் கால்சியம்தான் செலவாகும், நாளுக்கு மூன்று நாலு பிபிஎம் இறங்குவது சாதாரண டெஸ்ட் கிட்டில் தெரியவே தெரியாது.

சரி, கணக்குக்கு வருவோம். 100 லிட்டர் தொட்டி என்றால் பாறையும் மணலும் போக 80 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். 1 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற சோடியம் கார்பனேட் கிட்டத்தட்ட 19 மில்லிகிராம் வேண்டும். 80 லிட்டருக்கு 0.5 ஏற்ற 760 மில்லிகிராம். 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 50 கிராம் கரைத்து வைத்தால் நாளுக்கு 15 மில்லி. இன்னொரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 70 கிராம், அதுவும் 1 லிட்டருக்கு. அதிலும் அதே 15 மில்லி போட்டால் இரண்டும் ஈடாகிவிடும். கால்சியம் குளோரைடு கரையும்போது சூடாகும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

கடையில் கிடைக்கும் கரைசல்கள் பெரும்பாலும் இதைவிடக் கெட்டி. சின்னத் தொட்டிக்கு எனக்கு அது பிடிப்பதில்லை. பம்ப் ஒரு மில்லி தவறினாலும் தண்ணீரில் பெரிதாகத் தெரியும். அதே காரணத்துக்காகப் பம்புக்கு அடியில் வைக்கும் பாட்டிலில் ஒரு வாரத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் கரைசலை ஊற்றி வைக்காதீர்கள். பம்ப் நிற்காமல் ஓடி 105 மில்லியும் போனால் 3.5 டிகேஎச் ஏறும், பவளங்கள் வாடும் என்றாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. முழு லிட்டரும் போனால் தொட்டி பால்போல் வெளுத்துவிடும்.

ட்யூப் விஷயத்தில்தான் நிறையப் பேர் அசட்டையாக இருக்கிறார்கள். முனையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே சொட்டும்படி கட்டுங்கள். மூழ்கியிருந்தால் கார்பனேட் ட்யூபின் வாயில் சுண்ணாம்பு கட்டி அடைத்துக்கொள்ளும், பம்புக்குள் இருக்கும் குழாய் தேய்ந்துவிட்டால் தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்கு இறங்கவும் செய்யும். பாட்டில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும், மேலே வைத்தால் அதே தேய்ந்த குழாய் வழியாகக் கரைசல் தானாகத் தொட்டிக்குள் வடியும். நீரோட்டம் நன்றாக உள்ள இடத்தில் விடுங்கள், ஆனால் ஹீட்டருக்கும் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் வாய்க்கும் பக்கத்தில் வேண்டாம். இரண்டு ட்யூபுக்கும் வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள், பாட்டிலை நிரப்பும் அவசரத்தில் மாறிவிடக் கூடாது.

காலிப்ரேஷனுக்கு (பம்ப் விடும் அளவைச் சரிபார்த்துத் திருத்துவதற்கு) முதலில் ட்யூபில் காற்றே இல்லாமல் நிரப்புங்கள். அப்புறம் 10 மில்லி ஓடச் சொல்லி, வருவதைச் சின்னக் கோப்பையில் பிடித்து, சிரிஞ்சில் இழுத்துப் பாருங்கள். 9.2 வந்தால் அதையே பம்பின் கன்ட்ரோலரில் கொடுங்கள், மறுபடி ஓட்டுங்கள், 10 வரும்வரை.

நேர அட்டவணையை இப்படி வைக்கலாம்: கார்பனேட் இரட்டைப்படை மணிகளில், கால்சியம் ஒற்றைப்படை மணிகளில், 12 தடவை, தடவைக்கு 1.25 மில்லி. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கேயே வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும், போட்டது வீண். உங்கள் பம்பால் 1 மில்லி பக்கம் துல்லியமாக விட முடியவில்லை என்றால் தடவைகளைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள்.

முதல் வாரம் கணக்கில் பாதி அளவுதான், அதாவது 7.5 மில்லி. தினமும் அல்கலினிட்டி பாருங்கள், இறங்கிக்கொண்டே வந்தால் ஒன்றிரண்டு மில்லியாகக் கூட்டுங்கள். எந்த நாளிலும் 1 டிகேஎச்சுக்கு மேல் மாறக் கூடாது. நிலைத்த பிறகு வாரம் ஒரு டெஸ்ட் போதும். கரண்ட் போய் வந்தால் கன்ட்ரோலரின் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், சில மலிவு பம்புகள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து அன்றைய அளவை மறுபடியும் விட்டுவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலிப்ரேஷன், பம்புக்குள் அழுத்தும் ரோலருக்கு அடியில் குழாய் தட்டையாகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.