கொல்லை நீச்சல் குளத்தில் கசிவா? முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள்

காவிரிப் படுகையில் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டியிருப்பவர்கள், நீர்மட்டம் இறங்குவது தெரிந்தவுடன் கொத்தனாரைத் தேடுவதற்கு முன்பு கொல்லைக் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, வாய்க்கால்களில் தண்ணீர் ஓடி, ஐப்பசி அடைமழையும் சேர்ந்துகொண்டால், பல ஊர்களில் நிலத்தடி நீர் குளத்தின் அடித்தளத்துக்கு மேலேயே ஏறி நிற்கும். அப்போது சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறையச் சமமாகிவிடுவதால், ஓட்டை இருந்தும் கசிவு தெரியாது. மார்கழியில் 'தானாகவே அடைபட்டுவிட்டது' என்று நிம்மதியடைந்தவர்கள் பங்குனியில் மறுபடியும் மோட்டார் போட்டு நிரப்பிக்கொண்டிருப்பது இதனால்தான். கிணறு நன்கு இறங்கியிருக்கும் மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களே சோதனைக்கும் பழுது பார்ப்பதற்கும் ஏற்றவை.

கோடையில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் ஆவியாகிப் போவது இயல்பு. அதைக் கசிவிலிருந்து பிரித்தறிய ஒரு வாளி போதும். வாளியில் குளத்து நீரையே நிரப்பி, அசையாமலிருக்க உள்ளே ஒரு செங்கல்லைப் போட்டு, குளத்தின் இரண்டாவது படியில் வையுங்கள். உள்ளே நிற்கும் நீரும் வெளியே நிற்கும் நீரும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பார்த்து, வாளியின் இரு பக்கங்களிலும் கோடு போடுங்கள். யாரும் குளிக்காமல், மழையும் இல்லாமல் 24 மணி நேரம் கழிந்தபின், வெளிநீர் கோட்டிலிருந்து உள்நீரைவிட அதிகம் இறங்கியிருந்தால் அந்த வித்தியாசமே கசிவு. எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் 1 செ.மீ. வித்தியாசம் என்பது 320 லிட்டர்.

இதே சோதனையை, குளத்து நீரை ஃபில்டருக்கு இறைக்கும் மோட்டார் ஓடும்போது ஒரு நாளும், நிறுத்திவிட்டு ஒரு நாளும் செய்ய வேண்டும். ஓடும்போது கூடுதலாக இறங்கினால், ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் குழாயில் பழுது இருக்கலாம். திரும்பும் வாயில் காற்றுக் குமிழிகள் வந்தால், மோட்டாருக்கு முந்தைய உறிஞ்சு குழாயைச் சந்தேகிக்கலாம். இரு நாளும் ஒரே அளவு இறங்கினால் பழுது பெரும்பாலும் தொட்டியில்தான், அதாவது குளத்தின் சுவரிலோ தரையிலோ அவற்றில் பதித்த பொருத்துகளிலோதான். தரையைத் தோண்டுவதற்கு முன்பு, ஃபில்டரைக் கழுவிய நீர் வெளியேறும் கழிவுநீர்க் குழாயின் வாயையும் பார்த்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அது வாழைக்கொல்லையில் திறக்கிறது. சித்திரை வெயிலில் யாரும் தண்ணீர் பாய்ச்சாமலே ஒரு வாழை மட்டும் செழித்திருந்ததை மூன்று வாரம் ரசித்த பிறகுதான், ஃபில்டரில் நீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் ரப்பர் வளையம் தேய்ந்து தண்ணீர் அந்த வழியாகப் போனது புரிந்தது. சுவரைக் கொத்தியிருந்தால் செலவு வீணாகியிருக்கும்.

தொட்டியில்தான் கசிவு என்றானபின், மோட்டாரை நிறுத்தி நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஸ்கிம்மர் (மேல்மட்டக் குப்பையை இழுக்கும், சுவரில் பதித்த பெட்டி) வாயின் அடியில் நின்றால் ஸ்கிம்மரையும், விளக்கு மட்டத்தில் நின்றால் விளக்குக் குழியையும் தேட வேண்டும். நீர் அலையாமல் அடங்கியதும், ஊசியில்லாத சிரிஞ்சில் பேனா மையை எடுத்து, ஐயமுள்ள இடத்தின் அருகே இரண்டு சொட்டு மெதுவாக விடுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் மை புகைபோல் அங்கேயே பரவி நிற்கும். இருந்தால் நூல் இழுபடுவதுபோல் வெடிப்புக்குள் போகும். விளக்கைத் தொடுவதற்கு முன்பு மெயினை அணைப்பது கட்டாயம்.

நம் களிமண் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்துக் குளத்துச் சுவரை விட்டு விலகும். மழையில் ஊதி மீண்டும் நெருக்கும். அதனால் பிளாஸ்டிக் ஸ்கிம்மரும் கான்கிரீட் சுவரும் சேரும் இடமே முதலில் பிரிகிறது. அங்கே சிமெண்டைப் பூசுவது வீண், அடுத்த கோடையில் மறுபடியும் விடும். வளைந்து கொடுக்கும், நீருக்குரிய சீலண்ட்டையே காய்ந்த இடுக்கில் நிரப்ப வேண்டும். விளக்கின் ஒயர் குழாய் வாயையும் சிறிய வெடிப்பையும், நீருக்கடியில் இறுகும் எபாக்ஸியைப் பிசைந்து அழுத்தி அடைக்கலாம். பெரிய வெடிப்பானால் நீரை அதற்குக் கீழே இறக்கி, வெடிப்பை இங்கிலீஷ் 'வி' வடிவில் கொத்தித் துடைத்து, நனைத்து, விரைந்து இறுகும் நீர்த்தடுப்புக் கலவையை நிரப்பி, ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண்ணுக்கடியில் போகும் குழாய்ப் பழுதை அழுத்தச் சோதனைக் கருவி உள்ள பிளம்பரிடம் விட்டுவிடுவதே சிக்கனம்.

குளத்தை முழுதாகக் காலி செய்வதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில், முன்பு சொன்ன எட்டுக்கு நான்கு மீட்டர் குளத்தின் நீர் 48 டன் எடை கொண்டது. வெளியே நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது அந்த எடையை எடுத்துவிட்டால் தொட்டியே பரிசல்போல் மேலெழும்பக்கூடும், தரை விரிசல் விடும், குழாய்கள் முறியும். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, தரைமட்டத்திலிருந்து நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து, அது குளத்தின் அடித்தளத்துக்குக் கீழே குறைந்தது ஒரு மீட்டர் இருந்தால் மட்டுமே காலி செய்யுங்கள்.

பழுது முடிந்து நிரப்பியபின் அதே படியில் அதே வாளியை வைத்து, மோட்டார் ஓடும் நாள், ஓடாத நாள் என இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்வதற்குள் இதை முடித்துவிடுங்கள்; அதன்பின் வாளிக் கணக்கை நம்ப முடியாது.