எம்.ஜி.பி.க்கு ஹெட்டரா, பழைய காஸ்டிங்கா?

என் 1972 எம்.ஜி.பி. ஜிடி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இப்போது இருப்பது அபிங்டன் தொழிற்சாலையில் பூட்டி அனுப்பிய அதே வார்ப்பிரும்பு (காஸ்டிங்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி. நடுவில் இரண்டு வருடம் ஹெட்டர் (அதற்குப் பதிலாகப் போடும் ஸ்டீல் குழாய்த் தொகுதி) போட்டு ஓட்டிவிட்டுத்தான் இதற்கே திரும்பினேன். கவென்ட்ரியில் இந்த வண்டி வாங்குகிற நம் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான்.

இன்ஜினைப் பாருங்கள். 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜினின் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) நான்கு சிலிண்டருக்குப் புகை வெளியேறும் வாய் மூன்றே. நடு வாய் 2, 3 இரண்டுக்கும் பொது. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. அதனால் அந்த இரண்டும் கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றும் இடைவெளியில்தான் புகையைத் தள்ளும்; ஒன்றையொன்று முட்டாது. காற்று உள்ளே போகும் வாயோ இரண்டுதான். நெருக்கடி அங்கேதான். கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெட்டும் கம்பெனி போட்டபடியே இருந்தால், ஹெட்டரால் கூடும் பிக்கப் காலுக்குத் தெரியாது. கேம் மாற்றி, போர்ட்டை (ஹெட்டிலுள்ள வாய்களை) அகலப்படுத்தி, ஆர்பிஎம்மை ஏற்றி ஓட்டுகிறவர் தாராளமாகப் போடலாம். நடுக்குழாய் நீளமாக வரும் எல்.சி.பி. (லாங் சென்டர் பிராஞ்ச்) வகையாக வாங்குங்கள்.

மற்றவர்களுக்குக் காஸ்டிங்தான் என் சிபாரிசு. சத்தம் அடங்கியிருக்கும். குளிர்காலத்து ரோட்டு உப்பு, மெல்லிய ஸ்டீல் குழாயை அரிப்பது போல இதை அவ்வளவு சீக்கிரம் அரிக்காது.

ஹெட்டர் வாங்கியே தீருவது என்றால் வெர்னியர் அளவுகோலை எடுத்து ஃபிளேஞ்ச் (ஹெட்டோடு ஒட்டி உட்காரும் தட்டையான விளிம்பு) தடிமனை அளந்துவிடுங்கள். இந்த இன்ஜினில் இன்லெட்டும் (காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு) எக்ஸாஸ்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். நடுவில் உள்ள ஸ்டட்டில் (ஹெட்டில் பதித்த மரைக் கம்பியில்) ஒரே தடித்த வாஷர் இரண்டு ஃபிளேஞ்சையும் சேர்த்து அழுத்தும். எனக்கு வந்த ஹெட்டரின் ஃபிளேஞ்ச், அலுமினிய இன்லெட்டைவிட 2 மி.மீ. மெலிந்தது. வாஷர் இன்லெட் மேலேயே உட்கார்ந்துகொண்டது. எக்ஸாஸ்ட் பக்கம் பிடியே இல்லை. மூன்று கேஸ்கெட் மாற்றியும் டிக் டிக் என்ற சத்தம் போகவில்லை. கழற்றிப் பார்த்தால் நடு வாயைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கரி. லேத்தில் வாஷருக்குப் படி வெட்டிப் போட்ட பிறகுதான் நின்றது. அளந்து வாங்கியிருந்தால் ஒரு கோடைக்காலம் மிஞ்சியிருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

பழைய காஸ்டிங்கை மறுபடி போடும்போது முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விடுங்கள். 0.25 மி.மீ. தகடு நுழைந்தால் நான் ஃபேசிங் (மெஷினில் சீவி முகத்தைச் சமப்படுத்துவது) கொடுத்துவிடுவேன். ஃபேசிங்கில் இதன் தடிமனும் குறையும் என்பதால், இன்லெட்டோடு ஒப்பிட்டு மறுபடி அளக்க வேண்டும். துருப்பிடித்த ஸ்டட்டை வம்படியாகத் திருகாதீர்கள், முறிந்துவிடும். கேஸ் வைத்துச் சூடாக்கி, சூடு சற்று இறங்கியதும் மெழுகுவர்த்தியை அடியில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும்; பிறகு முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றலாம். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட் போடுங்கள், அடுத்த முறை சுலபமாக வரும்.

புது கேஸ்கெட் போட்டு ஒரு முறை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். லீக் இருக்கிறதா என்று மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டிலேயே கேளுங்கள், ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து. சூடேறிவிட்டால் இரும்பு விரிந்து சின்ன லீக் தானாக அடைத்துக்கொள்ளும், அப்புறம் காதுக்கு அகப்படாது.