பழைய ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தி வைக்கிறீர்களா? பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்

கிளாசிக் காரை ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால், பேட்டரியின் எர்த் வயரை (காரின் உடலோடு இணைந்திருக்கும் வயரை) கழற்றி, முனையில் படாதபடி துணியால் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த கார் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் ஓடும்; மீதி நாளெல்லாம் அது நிற்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் செருகப் பிளக்கும் கிடையாது.

கார் நிற்கும்போதும் கடிகாரம், பின்னால் பொருத்திய அலாரம், நைந்துபோன பழைய வயரிங் என ஏதாவது ஒன்று துளித்துளியாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எர்த்தை எடுத்தால் மின்சுற்று அறுந்துவிடும். அதை முதலில் கழற்றுவதில் இன்னொரு லாபம்: பிறகு மற்ற முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

எர்த் என்றால் எப்போதும் நெகட்டிவ்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1967 வரை வந்த எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். காரின் உடலோடு எந்த வயர் இணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி தானாகவே இறங்குவதை இது தடுக்காது; நம் ஊர் வெக்கையில் அது இன்னும் வேகமாக இறங்கும். மல்டிமீட்டர் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிச் சென்று, காற்றோட்டமான இடத்தில் மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள். கணினி பொருத்திய புதிய கார்களுக்கு இந்த வழி வேண்டாம். ரேடியோ குறியீடு கேட்டு முடங்கலாம்; கண்ணாடி ஜன்னலின் செட்டிங்கும் அழிந்துபோகக்கூடும்.