பழைய பிக்கப்பை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருஷமாக ஒரே இடத்தில் நின்ற பிக்கப் வண்டி கைக்கு வந்ததும், பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஒரு பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான். இன்ஜின் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்று சந்தோஷப்படுவார்கள். அப்புறம் கையில் உள்ள பணமெல்லாம் இன்ஜினுக்கே போகும். வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்கும் நாளில்தான் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் அரித்துப்போயிருப்பது தெரியவரும். அதற்குள் செலவு செய்தாகிவிட்டது, திரும்பவும் முடியாது.

பழைய வண்டி வேலையில் பெரிய தவறு இந்த வரிசைதான் என்பது என் உறுதியான கருத்து. முதலில் பேப்பரும் சேஸிஸும், அடுத்து பிரேக், ஸ்டீயரிங், டயர், அதற்கப்புறம் இன்ஜின், கடைசியில் பெயின்ட். இன்ஜின் சிக்கியிருக்கிறதா, சுற்றுகிறதா என்று ஆரம்பத்திலேயே கையால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் செலவு செய்வது பின்னால்தான்.

பேப்பர் விஷயம் சுருக்கமானது. பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாருங்கள். துருவில் எண் அழிந்துபோயிருந்தால் முதலில் அதற்கு வழி தேடுங்கள். பதிவு செய்ய முடியாத வண்டியை எவ்வளவு அருமையாக ரிப்பேர் செய்தாலும் ரோட்டில் ஓட்ட முடியாது.

சேஸிஸ்: கண்ணை நம்பாதீர்கள்

பெரும்பாலான பிக்கப்களில் கேபினும் பின்னால் உள்ள பாடியும் தனித்தனியாக ஒரு சேஸிஸ் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். சுமை, ஸ்பிரிங், அச்சு எல்லாம் தொங்குவது அந்த இரண்டு நீளச் சட்டங்களில்தான். பல வண்டிகளில் அவை பெட்டிக்குழாய் வடிவில் இருப்பதால் சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்து தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளிப்பக்கம் கறுப்பு பெயின்ட் பளபளக்கும்போது உள்ளே தகடு காகிதமாக மெலிந்திருக்கலாம்.

பார்க்கும் முறை ரொம்ப எளிது. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரை, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று மணி மாதிரி ஒலிக்கும், சுத்தியல் துள்ளித் திரும்பும். அரித்த இடத்தில் 'தொப்' என்று சத்தம் அமுங்கும், கையில் துள்ளல் இருக்காது, உள்ளே துருச் செதில் உதிர்ந்து விழுவது காதில் கேட்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் சில சமயம் உள்ளேயே போய்விடும். பின்புற ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகளைச் சுற்றியும், பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடத்திலும், கேபின் உட்காரும் பிராக்கெட் பக்கத்திலும் நிதானமாகத் தட்டுங்கள். ஒரு இடத்தில் மட்டும் புதுசாக அண்டர்கோட்டிங் பூசியிருந்தால் அங்கே இரண்டு தடவை தட்டுங்கள்.

அரித்த இடத்துக்கு மேலேயே மெல்லிய தகடு ஒன்றை வைத்து வெல்டிங் அடித்து மூடிவிடுவது அடுத்த தவறு. துருவின் மேல் வெல்டு பிடிக்காது. பிடித்தாலும், தகட்டுக்குப் பின்னால் ஈரம் நின்று அரிப்பு வேகமாகும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் புதுத் தகடு சேர்க்க வேண்டும். சேஸிஸ் வெல்டிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது. வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரையும், எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டி இருந்தால் அதையும் இணைப்பிலிருந்து விடுவியுங்கள். பக்கத்தில் உள்ள எரிபொருள் டேங்க்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிடுங்கள். டேங்க் காலிதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் நிறைந்த டேங்க்கைவிட ஆவி மட்டும் நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும் ஆபத்து அதிகம்.

பிரேக்

பிரேக்கில் ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரைவரை மிதித்து மிதித்து விடுவார். பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாக இருந்தால், அதற்கு இது எமன். உள்ளே பிஸ்டன் தினசரி போய்வந்த பகுதி மட்டும்தான் வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் ஈரம் தங்கித் துருப்பிடித்துச் சொரசொரத்துப் போயிருக்கும். பெடல் தரையைத் தொடும்போது ரப்பர் அந்தச் சொரசொரப்புக்குள் போய்க் கிழியும். காலையில் நன்றாக இருந்த பெடல் மாலையில் மெதுவாக இறங்க ஆரம்பித்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டை வைத்து அதன் பயணத்தைக் குறைத்துவிட்டு ஏர் எடுங்கள். வண்டி பல வருஷம் நின்றிருந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டர்களையும் மாற்றிவிடுவதே நல்லது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. சுமையோடு நீண்ட இறக்கத்தில் வரும்போது பிரேக் சூடேறி அந்த ஆயில் கொதித்துவிட்டால், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் போகும். அதனால் பழைய ஆயிலுக்கு மேல் புது ஆயிலை ஊற்றி நிரப்பாதீர்கள். மொத்தமாக வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் இன்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ தவறிக்கூட விழக் கூடாது. விழுந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும், ஒன்று விடாமல் மாற்ற வேண்டிவரும்.

பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும்போதே உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். மிதித்தால் அழுத்தம் போகும், காலை எடுத்தால் ஆயில் திரும்பாது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடாகும். ஆட்கள் டிரம்மைத் திரும்பத் திரும்பக் கழற்றி ஷூவைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், காரணம் ஒரு அடி தள்ளி ஹோஸில் இருக்கும்.

பிக்கப்புக்கென்றே உள்ள ஒரு பாகத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. நிறைய வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இணைத்த வால்வு இருக்கும். சுமை ஏறினால் சேஸிஸ் தாழ்ந்து அச்சை நெருங்கும். அந்த அசைவை வைத்து வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக இருக்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் எடை இல்லாத பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். நின்ற வண்டியில் இந்த வால்வு துருப்பிடித்து அசையாமல் நின்றிருக்கும். இதை ஒரு தொல்லையாக நினைத்துக் கழற்றிப் போடுகிறவர்களும், கம்பியால் கட்டி வைக்கிறவர்களும் உண்டு. இன்னொன்று, சுமை அதிகம் ஏற்றலாம் என்று பின்னால் கூடுதலாக ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது. வண்டியின் பின்பக்கம் உயர்ந்துவிடும். சுமை ஏற்றின பிறகும் வால்வு வண்டி காலி என்றே எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் தேவையான அளவு பிடிக்காது. பட்டை சேர்த்தால் வால்வையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். அது முடியாவிட்டால் பட்டை சேர்க்காமல் இருப்பதே மேல்.

டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோ துடையுங்கள்.

டயரும் ஸ்பிரிங்கும்

டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு) நிறைய இருக்கிறது என்பதற்காக அது நல்ல டயர் ஆகிவிடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், யோசிக்காமல் கழற்றுங்கள். பத்து வருஷம் தாண்டிய டயரை, ஓடாத ஸ்டெப்னியாக இருந்தாலும், வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்வது. விலை குறைவு என்று கார் டயரைப் போடாதீர்கள். வண்டிக்குச் சொல்லப்பட்ட சுமைக் குறியீட்டுக்குக் குறையாத டயர்தான் வேண்டும்.

ஸ்பிரிங்கைக் கழற்றினால், அதை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டும் நட்டும் புதிது போடுங்கள். ஒரு தடவை முறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுவே வழுக்கும் இணைப்பு ஒரு பல் மாறி ஏறினாலும் அதிர்வு வரும், காரணம் கண்டுபிடிக்க மாட்டாமல் திண்டாடுவீர்கள்.

இன்ஜினை எழுப்பும் முன்

முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். எலிக்கூடு இருக்கலாம். எலி இருந்தால் ஒயரும் கடிபட்டிருக்கும். பியூஸ் எரிந்தால் அதற்குப் பதில் கம்பி சுற்றி வைக்கும் வழக்கம் வண்டியையே எரிக்கும்.

இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பெட்ரோல் இன்ஜின் என்றால் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் கையால் மெல்லச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வர வேண்டும். எங்காவது முட்டி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். நீளக் குழாயை மாட்டி இழுப்பதும், கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுப்பதும் ரிங்கையும் வால்வையும் உடைக்கும்.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்தால், அது ஓடின தூரத்தைப் பார்க்காமல் வயதைப் பாருங்கள். நின்ற நிலையிலும் ரப்பர் காயும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி, ஒரே நொடியில் ஹெட் வேலை வந்துவிடும்.

டேங்க்கில் கிடக்கும் பழைய பெட்ரோலுடன் புதியதைக் கலந்து ஓட்டாதீர்கள். சில மாதங்களிலேயே பெட்ரோல் கெட ஆரம்பித்து, கார்புரேட்டரில் பிசினாக ஒட்டும். டீசலில் அடியில் தண்ணீர் சேர்ந்து, அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து சகதியாகி ஃபில்டரை அடைக்கும். டேங்க்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில நாளில் மறுபடி வழியில் நிற்பீர்கள்.

இன்ஜினைப் பற்றவிடாமல், செல்ஃபை மட்டும் இடைவெளி விட்டு விட்டு அடித்து, ஆயில் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட ஆரம்பித்ததும் சத்தத்தை ரசிப்பதோடு நிறுத்திவிடாமல் ரேடியேட்டர், ஹோஸ், ஆயில் டிப் ஸ்டிக் எல்லாவற்றையும் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் கலக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்.

இழுவை குறைந்தால் ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றிப் பார்ப்பது வீண் செலவு. கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தத்தை, கேஜ் வைத்துப் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் அதிகம் இருந்தால், பெட்ரோல் இன்ஜினில் குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. ஜிஎல் 4, ஜிஎல் 5 என்பவை கியர் ஆயிலின் தரக் குறியீடுகள். பழைய கியர் பாக்ஸில் 'ஜிஎல் 5' ஆயில் ஊற்றும்முன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். டிஃபரன்ஷியலுக்குப் பொருந்தும் அந்த ஆயில், 'ஜிஎல் 4' கேட்கும் கியர் பாக்ஸின் பித்தளை வளையங்களுக்கு ஆகாமல் போகலாம்.

முழு வண்டியையும் ஒரேயடியாகக் கழற்றிப் பரப்பிவிடுபவர்களின் வண்டிகள் பல அப்படியே டப்பாக்களில் கிடந்து போகின்றன. ஒரு பகுதியைக் கழற்றி, முடித்து, மாட்டிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். கழற்றும்போதே போட்டோ எடுங்கள்.

முதல் ஓட்டம் சுமையில்லாமல், சமதளத்தில், மெதுவாக இருக்கட்டும். சில கிலோமீட்டர் போய் நிறுத்தி நான்கு ஹப்பின் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) மறுபடி இறுக்குங்கள். அது முடிந்த பிறகு பாதிச் சுமை ஏற்றி, ஆளில்லாத இடத்தில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நின்றால் முழுச் சுமை ஏற்றலாம்.