உங்கள் அறைக்கு எந்த மாடல் ரயில் ஸ்கேல்? வளைவைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மாடல் ரயில் ஆசை வந்ததும் பலரும் என்ஜினைத்தான் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது இடம். வேலூரில் பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ போக மிச்சம்தான் நமக்கு.

படி 1: இன்ச் டேப்பால் காலியிடத்தை அளங்கள். கதவு திறக்கும் பக்கத்தைக் கழித்துவிடுங்கள். சுவரை ஒட்டிய மேசை இரண்டரை அடி அகலத்தைத் தாண்ட வேண்டாம். தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை எட்ட வேண்டுமே.

படி 2: ஸ்கேல்களை, அதாவது நிஜ ரயிலை எவ்வளவு சிறிதாக்கியிருக்கிறார்கள் என்ற விகிதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹெச்ஓ (HO) என்பது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, ‘என்’ (N) ஸ்கேல் 160இல் ஒரு பங்கு. 21.3 மீட்டர் நீள ஐசிஎஃப் பெட்டி (சென்னை ஐசிஎஃப் ஆலையின் பயணிகள் பெட்டி) ஹெச்ஓவில் 24.5 செ.மீ., என் ஸ்கேலில் 13.3 செ.மீ. காட்பாடி வழியாகப் போகும் நீள ரயில் போல 24 பெட்டி கோத்தால், ஹெச்ஓவில் பெட்டிகளே 19 அடி! ஐந்தாறு பெட்டி போதும்.

படி 3: வளைவு. இங்கே அவசரப்படாதீர்கள், எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஹெச்ஓவில் 18 அங்குல ஆரம் சாதாரணமாகக் கிடைக்கும். ரயில் வட்டமடிக்க விட்டம் 36 அங்குலம், ஓரமும் சேர்த்தால் நாலடி அகலம் வேண்டும். அந்த வளைவில் ஐசிஎஃப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்தும். கண்ணுக்கு அழகாக ஓட, ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். ஹெச்ஓவுக்கு அது 29 அங்குலம், மேசை ஐந்தடிக்கு மேல் போய்விடும். என் ஸ்கேலுக்கு 16 அங்குலம், மூன்றடி மேசையில் அடங்கும். அந்த மேசையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, இரண்டு பக்கமும் நிற்க வழி விடுங்கள்.

கணக்கு குழப்பினால் நூலில் சாக்பீஸைக் கட்டித் தரையில் வட்டம் போடுங்கள். பக்கத்தில் நடக்க முடிகிறதா என்று பாருங்கள்.

படி 4: முடிவு. சின்ன அறையில் எக்ஸ்பிரஸ் சுற்றிச் சுற்றி ஓட வேண்டுமா? என் ஸ்கேல்தான், தயங்காதீர்கள். சின்னப் பிள்ளைகளும் கை வைப்பார்கள் என்றால் ஹெச்ஓ நல்லது, தண்டவாளத்தில் ஏற்றி வைப்பது சுலபம்.

வட்டமே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். ஓரடி அகலம், ஆறடி நீளப் பலகையில் ஹெச்ஓவில் ஒரு சின்ன சரக்கு யார்டு அமையும். 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த வாலாஜா ரோட்டையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். குட்டைச் சரக்கு வேகன்கள் என்பதால் இறுக்கமான வளைவும் உறுத்தாது.

அப்புறம், மேசையை ஷீட் போட்ட மாடி அறையில் வைக்காதீர்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் ப்ளைவுட் வளையும், தண்டவாள இணைப்புகள் விலகும்.