அன்சார்ட்டட்: முதன்முறை ஆடுபவர்கள் எங்கே, எப்படித் தொடங்குவது?

அன்சார்ட்டட் என்ற சாகச வீடியோ கேம் வரிசையின் ஈர்ப்பே, ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குள் நாமும் ஓடுவதுதான். பாலம் இடியும்போது கன்ட்ரோலர் நம் கையில்தான் இருக்கும், குதிப்பதும் நாம்தான். ஆனால் அதே பாலத்தில் மூன்று தடவை செத்துத் திரும்பி வந்தால், எந்தப் பலகை எப்போது உடையும் என்று தெரிந்துவிடும். பதைப்பு போய்விடும், வெறும் தடைதான் மிஞ்சும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே படம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

1. எந்தப் பாகம்?

2007-இல் வந்த முதல் பாகத்திலிருந்து வரிசையாக ஆட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். அதன் துப்பாக்கிச் சண்டை இன்றைய கைக்குக் கரடுமுரடாக இருக்கும். 2017-இல் வந்த 'தி லாஸ்ட் லெகசி'யில் தொடங்குங்கள். 9 அத்தியாயங்கள்தான். கதாநாயகிகள் குளோயி ஃபிரேஸர், நடின் ராஸ். இருவரும் முந்தைய பாகங்களில் வந்தவர்கள் என்றாலும், பழைய கதை தெரியாமலே இதைப் பின்தொடரலாம். தேடும் பொருள் பிள்ளையாரின் தந்தம்; தேடும் இடம் மேற்குத் தொடர்ச்சி மலை. தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான நுழைவாசல் இந்த வரிசையில் இல்லை.

2. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

'லெகசி ஆஃப் தீவ்ஸ் கலெக்‌ஷன்' என்ற தொகுப்பில் இதுவும் நான்காம் பாகமும் சேர்ந்தே வரும். பிளேஸ்டேஷன் 5-க்கு (பிஎஸ்5) 2022 ஜனவரியிலும், கணினிக்கு அதே ஆண்டு அக்டோபரிலும் வந்தது. பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் தனி டிஸ்க்கைத் தேடலாம்.

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ பினாங்கு கொம்தார் பக்கமோ பழைய டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் அட்டையின் மேல்பட்டையைப் பாருங்கள். பிஎஸ்5 டிஸ்க் பிஎஸ்4-இல் ஓடாது. பிஎஸ்4 டிஸ்க் பிஎஸ்5-இல் ஓடும், ஆனால் டிஸ்க் டிரைவ் இருக்கும் பிஎஸ்5-இல் மட்டும். பிஎஸ்3 டிஸ்க் இரண்டிலுமே ஓடாது.

கணினியில் ஆடுவதென்றால் 126 ஜிபி காலி இடம் வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் முழு வேகம் கிடைத்தாலே பதிவிறக்க மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது நல்லது. 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, ஜிடிஎக்ஸ் 1060 அளவுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நிம்மதி. முதல்முறை திறந்ததும் ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும். அது முடியும்வரை முகப்பிலேயே காத்திருங்கள். அவசரப்பட்டு ஆட்டத்துக்குள் போனால் படம் திக்கித் திக்கி ஓடும்; அதைப் பார்த்துக் கணினி போதவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

3. தொடங்குமுன் அமைப்புகள்

முதலில் டிவி. 'கேம் மோட்' போடுங்கள். அது இல்லாமல் குதிக்கும் பட்டனை அழுத்தினால் குளோயி சற்றுத் தாமதித்துத்தான் குதிப்பாள், பள்ளத்தில் விழுவாள்.

பிஎஸ்5-இல் 'பெர்ஃபார்மன்ஸ்' முறையைத் தேர்ந்தெடுங்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது குறி வைப்பது எளிது.

அடுத்து கடினநிலை. துப்பாக்கி விளையாட்டே ஆடாதவர்களுக்கு 'எக்ஸ்ப்ளோரர்', கொஞ்சம் பழகியவர்களுக்கு 'லைட்'. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மிகக் கடினமான 'கிரஷிங்'கில் ஆடுகிறவரும் பார்ப்பது இதே காட்சிகளைத்தான். குறி தானாகப் பற்றும் வசதியையும், பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடிக்கும் வசதியையும் அமைப்புகளின் அணுகல் (ஆக்சஸிபிலிட்டி) பகுதியில் இயக்கலாம். சப்டைட்டில் கண்டிப்பாக வேண்டும்: பாதிக் கதை ஜீப் ஓட்டும்போது பேசும் பேச்சில்தான் இருக்கிறது, எஞ்சின் சத்தத்தில் அது காதில் விழாது.

4. ஏறுவதும் தாவுவதும்

புதியவர்கள் அதிகம் சாவது இங்கேதான். பாறையில் தொங்கியபடி இடது ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, குளோயியின் கையைப் பாருங்கள். எட்டும் தூரத்தில் பிடிமானம் இருந்தால் அவள் கை அந்தப் பக்கம் நீளும். நீண்டால் எக்ஸ் அழுத்தித் தாவலாம். நீளாவிட்டால் தாவாதீர்கள், கேமராவைத் திருப்பி வேறு விளிம்பைத் தேடுங்கள்.

கொக்கிக் கயிற்றை வீச எல்1 பட்டன். கொக்கிச் சின்னம் திரையில் தெரிந்த பிறகுதான் அது மாட்டும். கயிற்றில் ஆடும்போது முன்னோக்கி உச்சிக்குப் போகும் கணத்தில் எக்ஸ் அழுத்துங்கள். பின்னோக்கி வரும்போது அழுத்தினால் வேகம் போதாது, நேராகக் கீழே போவீர்கள்.

5. சண்டை

ஒரே மறைவிடத்தில் குந்தியிருப்பதுதான் பெரிய தவறு. எதிரிகள் பக்கவாட்டில் சுற்றி வருவார்கள், குண்டு வீசுவார்கள். பல மறைவிடங்கள் உடைந்தும் போகும். நாலைந்து முறை சுட்டதும் இடம் மாறுங்கள்.

உயிர்க்கோடு என்று எதுவும் திரையில் இருக்காது. அடிபட அடிபட நிறம் வெளிறும். வெளிறத் தொடங்கியதுமே சுவருக்குப் பின்னால் போய்விட்டால் தானாகத் தேறும். சுடாமலே முடிக்க உயர்ந்த புல்லில் பதுங்கிப் போய்ச் சதுரப் பட்டனால் வீழ்த்தலாம். எதிரியின் தலைக்கு மேல் தெரியும் குறி வெள்ளையிலிருந்து மஞ்சளாகும்போது அசையாதிருங்கள், ஆரஞ்சானால் கண்டுகொண்டான் என்று பொருள். அப்போதும் ஓடி அவன் கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் திரும்பப் பதுங்கலாம்.

6. நான்காம் அத்தியாயம்

இங்கே அவசரமே வேண்டாம். பரந்த வெளி, கையில் ஜீப். கோபுரத்தில் ஏறி இடங்களைக் குறித்ததும் டச்பேடை அழுத்தினால் வரைபடம் வரும். சேற்றுச் சரிவில் சக்கரம் வழுக்கினால் பெட்ரோலை மிதித்துப் பயனில்லை. பின்வாங்கி, கல் தெரியும் தடமாகப் பார்த்து ஏற்றுங்கள். நேரே கோட்டைகளுக்குப் போய்விடாமல் ஓரமாகச் சிதறிக் கிடக்கும் 11 ஹொய்சாள வில்லைகளையும் முதலில் சேருங்கள். எல்லாம் சேர்ந்ததும் ஒரு காப்பு கிடைக்கும். பிறகு புதையல் அருகில் இருந்தால் அது உணர்த்தும், மினுக்கும் புள்ளியைத் தேடி ஒவ்வொரு மூலையாக அலைய வேண்டியதில்லை.

பரசுராமர் எறிந்த கோடரியைத் தந்தையின் ஆயுதம் என்று மதித்துப் பிள்ளையார் தன் தந்தத்தில் தாங்கிய கதை இந்த ஆட்டத்தில் வருகிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிர் அறைகளின் சிலைகள் அந்நியமாக இருக்காது. பத்துமலையில் 42.7 மீட்டர் முருகனின் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் உணர்வை அந்த அறைகள் அப்படியே தருகின்றன. ஆனால் அந்தப் பிரம்மாண்டம் கற்பனை. கர்நாடகத்தில் ஹொய்சாள மன்னர் காலத்தில் எழுந்த உண்மையான பேலூர், ஹளேபீடு கோயில்களின் பெருமை உயரத்தில் இல்லை. மாக்கல்லில் நகை போலச் செதுக்கிய நுணுக்கத்தில் இருக்கிறது. 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை அவை. புதிருக்கு நடுவே சுவர்ச் சிற்பங்களை நிறுத்திப் பார்க்க எல்3, ஆர்3 இரண்டையும் (அதாவது இரு ஸ்டிக்குகளையும் உள்நோக்கி) சேர்த்து அழுத்துங்கள்; புகைப்பட முறை திறக்கும்.

7. முடித்த பிறகு

அடுத்து நான்காம் பாகம். ஏறுவது, கயிறு, ஜீப் எல்லாம் கைக்குப் பழகியிருக்கும். 22 அத்தியாயங்கள் நீளமாகத் தெரியாது. அதன் பிறகு பிஎஸ்4-க்கான 'நேதன் டிரேக் கலெக்‌ஷன்' மூலம் முதல் மூன்று பாகங்களுக்குப் போகலாம். விட்டுப்போன புதையல்களுக்காக எதையும் முதலிலிருந்து ஆட வேண்டாம். முகப்பில் அத்தியாயத் தேர்வுக்குப் போய் அந்தப் பகுதியை மட்டும் திறந்து எடுத்தால் போதும், ஏற்கெனவே சேர்த்தவை கணக்கில் அப்படியே இருக்கும்.